மீதிக்காசு

ஆறரை ஷோ விட்டதும் பதினொரு பேர் ஏறினார்கள்.
டிக்கோயா தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை,
குளிருக்கும் பயத்துக்கும் ஒரே நடுக்கம்தானே.
கண்ணாடியை மூன்று தடவை துடைத்தேன்.
படிந்திருந்தது மூச்சுதான்,
பனி வெளியே.

நான் படம் பார்க்கவில்லை,
வேனிலேயே படுத்திருந்தேன். ஆனாலும்
நோர்வூட் வருவதற்குள் முழுக்கதையும் என் முதுகில் ஏறிவிட்டது:
பாலத்தில் வைத்து ஒருவனை ஐந்து பேர் கொல்கிறார்கள்.
நாற்பதாம் நாள் சேற்றிலிருந்து எழும்புகிறான்.
வாயைத் திறந்தால் விட்டில் பூச்சிகள்.
ஐந்து இரவு, ஐந்து கணக்கு.

"இருட்டுன்னா இப்பிடியா?
யாரு யார அடிக்கிறான்னே வெளங்கல,
காசு குடுத்து கறுப்புச் சீலையப் பாத்த மாதிரி"
என்றார் பேக்கரி ஜெயசீலன்.
மூன்றாவது கொலை மட்டும் பிடித்ததாம்.
அதை இரண்டு தடவை சொன்னார்,
இரண்டாம் தடவை கத்தி கொஞ்சம் நீண்டிருந்தது.

போன் கடை டிலக்சனுக்குப் பொறுக்கவில்லை.
"சித்திரக்கதையில அவன் கொல்லவே மாட்டான் அண்ணே.
சும்மா போய் முன்னுக்கு நிப்பான்.
மத்தத அவனுகளே செஞ்சிக்குவானுங்க.
நாலு பக்கத்துக்கு ஒரு எழுத்து இல்ல, மழை மட்டும்.
இவனுங்க அந்த மழையில பாட்டு வச்சிட்டானுங்க."
புத்தகத்தைப் படித்தவனைப் போல அல்ல,
அதற்குள் செத்தவனைப் போலக் கோபப்பட்டான்.

நர்சரி டீச்சர் மெர்லினுக்கு நாயகனின் கண் பிடித்திருந்தது.
அவள் தங்கச்சிக்கு அந்தக் கண்ணால்தான் வாந்தி.
பை கொடுத்தேன். சிந்தாமல் பிடித்தாள், நல்ல பிள்ளை.

பின்சீட்டில் புஷ்பராணி,
மேப்பிரிவு, ஏழாம் நம்பர் லயம்.
புருசன் போனது பெக்டரியில், ரோலரில்,
போன மாசி அல்ல, அதற்கு முந்தின மாசி.
"பொய்ப்படம்" என்றாள்.
எல்லோரும் திரும்பினார்கள்.
"செத்தவன் வந்தா கத்தியத் தேடுவானா?
மொதல்ல ஈ.பி.எப். வந்திச்சான்னு கேப்பான்.
பொடியன் ஓ.எல். எழுதினானான்னு கேப்பான்.
பசிக்குதும்பான்.
ரொட்டி தட்டிக் குடுத்து, கதவச் சாத்திட்டு,
பொறகுதான் பேரு கேக்கணும், யாரு யாருன்னு."

வேன் சிரித்தது,
முன்சீட்டைத் தவிர.

முன்சீட்டில் மனோகரராஜா ஐயா, பெக்டரி ஒபிசர்.
'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று
ஒரு தாளில் ஒரு வரி எழுதியவர்.
அழகான கையெழுத்து. எனக்குத் தெரியும்,
அதை ஹட்டனுக்கு ஏற்றிப்போனது இந்த வேன்தான்.

"ஐயாவுக்குப் படம் எப்பிடி?"
டிலக்சன் சும்மாதான் கேட்டான்.
"சத்தம் கூட" என்றார்.
ஒரு முடக்கு தாண்டி, யாரும் கேட்காமலே,
"அஞ்சு பேர்ல ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தானே நின்னான்.
அவனையும் கொன்னது சரியில்ல."

இரண்டாம் கியரில் ஏற்றம்.

காசு வாங்குவதற்காக உள்விளக்கைப் போட்டிருந்தேன்.
அந்த வெளிச்சத்துக்கு ஒரு விட்டில் வந்தது.
இந்த மாதம் வரும், எந்த வேனுக்கும் வரும்.
சுற்றிச் சுற்றி
ஐயாவின் கோட்டுக் கொலரில் உட்கார்ந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மெர்லினின் தங்கச்சி மட்டும் விரலை நீட்டினாள்.

"இங்க எறக்கிரு."
"வீட்டுக்கு இன்னும் ரெண்டு முடக்கு இருக்கு ஐயா."
"எறக்கிரு."
ஐந்நூறு ரூபாய்த் தாள். நான் எண்ணி முடிப்பதற்குள்
பனிக்குள் போய்விட்டார்.

பூச்சி அவரோடு போகவில்லை.
சீட்டிலேயே கிடந்தது. புஷ்பராணி எட்டி வந்து
இரண்டு விரலால் இறகைப் பிடித்து வெளியே விட்டாள்,
விரலில் ஒட்டின மாவைச் சீலையில் துடைத்தாள்.
பிறகு டிலக்சனிடம் கேட்டாள்:
"அந்தப் பொத்தகத்துல
பாத்துக்கிட்டு நின்னவன் என்ன ஆவான்?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது அக்கா.
கடைசிப் பக்கத்துல அவன் வீட்டு வாசல்ல
ரெண்டு சோடி செருப்புக் கெடக்கும்.
அவ்வளவுதான்."

அந்த இருநூற்றிருபது ரூபாய்
இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது.
ஐயா இப்போதெல்லாம் ஐந்தரை பஸ்ஸில் போகிறார்.