வெற்று

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
படத்தில் உயிர் இருக்கிறதா, இல்லையா.

கூட்லு கேட் மெட்ரோத் தூணுக்கு எதிரே
மூன்றாம் மாடி, இரவுப் பணி.
கண்ணாடிக்கு வெளியே ஓசூர் ரோடு
லாரிகளை இழுத்துக்கொண்டு போகிறது.
உள்ளே, என் திரையில், நாற்பத்தேழாம் எண் கேமரா.
ஆப்பிரிக்காவில், சாலை முடிந்த பிறகும்
இரண்டு நாள் நடக்கவேண்டிய புல்வெளியில்
குடை விரித்த ஒரு வேலமரத்தில்
வார் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
அசைவதையெல்லாம்
எடுத்தவுடன் அனுப்பிவிடுகிறது.

அசைவது பெரும்பாலும் புல்.
'வெற்று' என்று அழுத்துகிறேன்.
புல். வெற்று.
புல்லின் நிழல். வெற்று.
ஒரு இரவுக்கு ஆயிரத்து இருநூறு படம்,
அதில் தொள்ளாயிரம் காற்று.
காற்றுக்கும் அதே கூலிதான்.
ஒரு படத்துக்குப் பத்து நொடி.
தாண்டினால் திரையின் ஓரம் மஞ்சளாகும்.
மூன்று மஞ்சளுக்கு ஒரு மின்னஞ்சல்.

பிறகு ஒரு காது வரும்.
காது மட்டும்.
அதைச் சுற்றிப் பெட்டி வரைந்து
யானை என்று எழுதுகிறேன்,
மிச்ச யானை
பெட்டிக்கு வெளியே நடந்து போகிறது.

ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை கிடையாது.
கேமரா இடுப்பு உயரம்.
நாலு கால் வரும், நிற்கும், போகும்.
இடது முட்டியில் ஒரு பழைய தழும்பு;
மூன்று மாதமாக
முகம் பார்க்காமலே எனக்கு அதைத் தெரியும்.

கழுதைப்புலி மட்டும் நேரே வந்து
லென்ஸை முகர்ந்து பார்த்து, நக்கி,
அடுத்து வரும் எல்லாரையும்
எச்சில் மூட்டத்துக்குள் தள்ளிவிட்டுப் போகும்.
"நம்ம மேனேஜர்" என்பாள்
பக்கத்து இருக்கை லால்ரின்புயி.

அந்த மூட்டம் காயாத ஒரு வியாழன்,
விடிய இன்னும் நேரமிருந்தது,
பட்டியலில் பேங்கோலின் என்று இருப்பது
பின்னங்கால் இரண்டால் நடந்து வந்தது.
முன்னங்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு,
குனிந்து,
தவணை கேட்கப் போகிறவரைப் போல.

அழுங்கு, என்றேன் வாய்விட்டு.
அந்தச் சொல் என்னிடம் இருந்ததே
எனக்குத் தெரியாது.
லால்ரின்புயி அவளுடைய சொல்லைச் சொன்னாள்.
தண்ணீர் கேன் மாற்ற வந்த புட்டசாமி
எட்டிப் பார்த்து, சிப்பு ஹந்தி, என்றார்.
மூன்று பெயரையும் வாங்கிக்கொள்ளாமல்
அது புல்லுக்குள் போனது.

அடுத்த படம் வெற்று.

அதற்கடுத்தது ஆறு நிமிடம் கழித்து.
ஒரு ஆள்.
டயர் செருப்பு, தோளில் சாக்கு,
கையில் நீளமாக ஒன்று.
கம்பு என்றால் கம்பு.
அழுங்கு போன பக்கமாகவே போகிறவன்
கேமராவைப் பார்த்துவிட்டான்.
குனிந்தான்.
சட்டை நுனியை எடுத்து
கழுதைப்புலியின் எச்சிலைத் துடைத்தான்.
அவசரமில்லாமல், மூலைகளையும் விடாமல்,
தன் வீட்டுக் கண்ணாடி போல.
கடைசிப் படத்தில்
அவன் கண்ணிமை மயிர்கூடத் தெரிகிறது.

மனிதர் என்று அழுத்தினால்
இரண்டு கிளை விரியும்:
பணியாளர்.
சந்தேகத்துக்குரியவர்.
ஆடு தேடி வந்தவருக்கு இடமில்லை.
தேன் எடுப்பவர்,
அக்கா வீட்டுக்குக் குறுக்கு வழியில் போகிறவர்,
யாருக்கும் இல்லை.

திரையோரம் மஞ்சளானது.

இரண்டாவதை அழுத்தினேன்.
அழுங்குக்காக என்று சொல்லிக்கொண்டேன்.
மஞ்சளுக்காகவும் இருக்கலாம்.

காலையில் பொம்மனஹள்ளி சிக்னலில்
கேப் கண்ணாடியைக் கேட்காமலே துடைத்துவிட்டு
ஒரு பையன் கை நீட்டினான்.
சில்லறை தேடுவதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

யாராவது போனார்களா, பிடித்தார்களா,
எங்களுக்குச் சொல்வதில்லை.
எங்கள் வேலை பெட்டி வரைவதோடு சரி.
அழுங்கு திரும்ப வரவில்லை,
அது அபூர்வமாகத்தான் வருமாம்.
அவனும் வரவில்லை.

நாற்பத்தேழு மட்டும்
அன்றிலிருந்து பளிச்சென்று இருக்கிறது.
தழும்பின் தையல் போன்ற வரிகளை
இப்போது எண்ணலாம்.
புல் தாள் தாளாகப் பிரிந்து தெரிகிறது.
தாளின் நுனியில் பனி,
பனிக்குள் ஏறப்பார்க்கும் ஒரு எறும்பு.

எறும்பு பட்டியலில் இல்லை.
வெற்று.