பெயரடை

நொய்யல் பாலத்துக்கு இந்தப் பக்கம்
சாயப்பட்டறை வாடை கொஞ்சம் அடங்கும் நேரம்.
மைதானத்தில் நான்கு கம்பம்,
விளக்குக்கு விளக்கு ஈசல்.
ஷிப்டு விட்டு வந்தவர்கள்
தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல்
படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மைக்கில் குழந்தைவேலு அண்ணன்.
பகலில் பின்னலாடை மெஷினுக்கு ஊசி விற்பவர்.
ராத்திரியானால் திருப்பூருக்கு அவர் குரல்தான் ஆட்டம்.
"பாருங்க சாமி பாருங்க,
நம்ம ஹரிநந்தன் பந்தை எடுத்தாச்சுங்க,
என்ன மூளைங்க, என்ன கணக்குங்க,
மில்லு நடத்துன வம்சமுங்க, சும்மா போகுமுங்களா!"
கூட்டம் சிரித்தது.
நானும் சிரித்தேன்.

எதிரணியில் ஒபின்னா.
கோவையில் மூன்றாம் வருஷம் பி.காம்.
திரும்பியே பார்க்காமல் ஒரு பாஸ் கொடுத்தான்,
ஆள் வந்து சேருமுன்பே
ஆளுக்காகப் போய் நின்ற பந்து.
"காட்டுப் பலமுங்க! அந்த உடம்பைப் பாருங்க!
கரண்டு போச்சுன்னா பல்லு மட்டுந்தான் தெரியுமுங்க!"
கூட்டம் சிரித்தது.

அந்தப் பந்தை வாங்கிக் கூடையில் போட்டவன் மதியரசு.
அவனுக்கும் ஒன்று வைத்திருந்தார் அண்ணன்:
"அந்தப் பக்கத்துப் பசங்க, ஓடிப் பழகுனவுங்க."
எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.
இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதில்லை.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன்.
மூளை நான்கு, நிதானம் இரண்டு, எல்லாம் ஒருவனுக்கே.
உடம்பு ஏழு. காடு மூன்று.
இடைவேளையில் போய்க் கேட்டேன்.
"ஏனுங் அம்மிணி, புகழ்ந்துதானுங்க சொன்னேன்?
அவனே சிரிச்சானுங்களே!"

சிரித்தான்தான்.
தண்ணீர் கேன் பக்கம் திரும்பியபோது
முகத்தில் அது இல்லை.

காலையில் எல்லாப் போனிலும் அந்தப் பன்னிரண்டு நொடி.
ராத்திரி எட்டு மணிக்குச் சென்னைச் சேனலில் நான்கு கட்டம்:
ஒரு வக்கீல், ஒரு பழைய கேப்டன்,
ஒரு கட்சிக்காரர், கோபப்படுவதற்கென்றே ஒருவர்.
ஒபின்னாவுக்குக் கட்டம் இல்லை.
பேச்சுக்கு நடுவே பதினொரு தடவை ஓட்டினார்கள்.
ஆறாவது தடவையில்தான் கவனித்தேன்,
பல்லு என்றதும் எழும் சிரிப்பில்
மைக்குக்குப் பக்கத்தில், மெலிதாய்,
கடைசியில் மூச்சை இழுக்கும் ஒரு சிரிப்பு.
என் வீட்டில் அதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்கள்.

கண்டித்து எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர்.
எழுதுமுன் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
போன வருஷக் கோப்பை:
"கறுப்புச் சூறாவளி சுழன்றடித்தது."
தலைப்பு என்னுடையது.
நல்ல தலைப்பு என்று அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.
அதே பக்கத்தில், கீழே, "ஹரிநந்தனின் வியூகம்."
மதியரசுவை மதியழகன் என்று போட்டிருந்தோம்.
திருத்தமும் போடவில்லை.

போன் போட்டேன்.
இரைச்சலுக்கு நடுவே ஒபின்னா, தமிழில்:
"சொன்னதைப் பத்தி வேண்டாங்க அக்கா.
அந்தப் பாஸைப் பத்தி எழுதுங்க.
மதி எங்க வந்து நிப்பான்னு
பாக்காம தெரியறதுக்கு எட்டு மாசம் ஆச்சு.
காலையில அஞ்சரைக்கு, தெனமும்.
அவன் பேரைச் சரியாப் போடுங்க."

நேற்று ஆட்டம் முடியுமுன் பக்கம் போய்விட்டது,
செய்தி இன்றைக்குத்தான்.
எழுதி அனுப்பினேன்:
ஒபின்னா கொடுத்தார், மதியரசு போட்டார்.
கண்டனம் தனியாக, என் சிரிப்பையும் சேர்த்து.
அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டார்களாம்.

பக்கம் கட்டும் செந்தாமரைக் கண்ணன் கூப்பிடுகிறார்:
"தலைப்பு சப்புன்னு இருக்குதுங்க.
ஒபின்னாவுக்கு முன்னால ஆறு எழுத்துக்கு எடம் கெடக்குது,
என்னமாச்சும் போடுங்க."
மணி பதினொன்று ஐம்பது.
பன்னிரண்டுக்கு அச்சு.
எனக்கு வருகிற சொல்லெல்லாம்
கச்சிதமாக ஆறு எழுத்து.