நட்டக் கணக்கு

பறங்கிப்பேட்டையிலிருந்து கடுதாசி வந்தது.
பாய் விரித்த மூன்றாம் நாள்
கொள்ளையர் மறித்தார்கள்.
கப்பல் தப்பியது, சரக்கு போயிற்று.

நான் சேலம் குகையில் கணக்கெழுதுகிறவன்.
கடல் பார்த்ததில்லை.
'நீலத் துணி நாற்பது கட்டு, கடலில் நட்டம்'
என்று எழுதி மை காயவில்லை,
துபாஷி சொல்லிவிட்டார்:
நெய்தவன் தலையில் ஏற்று.

சௌடப்பன் கத்தவில்லை.
"உடுத்தினார்களா?" என்றான்.
யார்?
"அந்தத் திருடர்கள்தான். எட்டு முழம்,
கரையில் ரெட்டைக் கம்பி.
உப்புத் தண்ணிக்கும் சாயம் போகாது,
யாராவது சொன்னார்களா அவர்களிடம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவன் முழங்கைவரை நீலம்.
அடுத்த ஆடிவரை கூலி கிடையாது.

ராத்திரி சேர்வராயன் மலையில்
மேகம் இறங்கிக்கொண்டிருந்தது,
அவிழ்த்துவிட்ட பாய் மாதிரி. (பாயும் நான் பார்த்ததில்லை.)
எங்கேயோ ஒரு தளத்தில்
பேர் தெரியாத ஒருத்தன்
ரெட்டைக் கம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு
கொண்டல் எப்போது திரும்பும் என்று நிற்கிறான்.

விடிந்ததும் திருமணிமுத்தாற்றில்
சௌடப்பன் சாயப்பானை கழுவினான்.
நீலம் கல்லில் மோதிப் பிரிந்து
காவிரிக்குப் போகிற வழியில் போயிற்று.

இதை எந்தப் பத்தியில் எழுத?