மீன் ரின்னில் முளைத்த வயல்

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு.
பழைய சைக்கிள் றிம் ஒன்றைத் தேய்த்துக் கழுவி
பாலைக் கொப்பு சுற்றினார் சோசை.
முருங்கன் சந்திக் கடைகளில்
ஊதா மெழுகுதிரி இல்லை.
வெள்ளைத் திரி மூன்றுக்கு
பிள்ளையின் கொப்பி உறையைக் கிழித்துச் சுற்றினேன்.
மற்றதுக்கு றோஸ் வேண்டும்.
புடவைக்கடைப் பை ஒன்று கிடந்தது,
கடையின் தொலைபேசி இலக்கத்தோடு.

அன்றே ஆறு மீன் ரின்னில் சேறு நிரப்பி
விதைநெல்லில் ஒரு பிடி தூவினார்.
பாலன் குடிலுக்கு வயல்.
"எங்கட வயல் மாதிரியே
வரம்பு கட்டுங்கோ அப்பா" என்றான் யூட்.
கட்டினார்.
நூல் தடிப்பில் வாய்க்காலும் கீறினார்.

பாலன் சுரூபம் இருக்கும் இடம்
எனக்கு மட்டும் தெரியும்.
அலுமாரியில், காணி உறுதிக்கும்
அடகுச் சீட்டுக்கும் நடுவில்,
துவாயில் சுற்றியபடி.
நடுச்சாமப் பூசை முடியும்வரை
அவருக்கு அங்கேதான் படுக்கை.
அரிசிப் பைக்குள் இருந்து ஐந்து ஊர் பார்த்தவர்.
வலது கைச் சுண்டுவிரல்
மாத்தளனிலோ எங்கேயோ போயிற்று.
தேடவில்லை.
அப்போது தேடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு தொடங்கிய மழை
விடவே இல்லை.
கட்டைக்கரைக் குளம் வான் பாய்கிற சத்தம்
கேட்குது என்றார்கள் தெருவில்.
கரண்ட் போனது.
விடிந்தால் மெற்றில்டாவுக்கு ஓ.எல். விஞ்ஞானம்.
"அம்மா, அந்தத் திரியைக் கொளுத்தட்டா?"
அது செபத்துக்கு வைத்தது.
நான் வாய் திறக்க முன்னமே
சோசை நெருப்புப்பெட்டியை நீட்டிவிட்டார்.
கொப்பி உறை கருகும் மணத்தில்
ஒளித்தொகுப்புப் படித்தாள் பிள்ளை.
அடுத்த கிழமை
றோஸ் திரி கணிதத்துக்குப் போனது.

ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு வைக்கோல்,
தீவனத்தொட்டியில் போட வேண்டும் என்று
மறைக்கல்வியில் சொல்லியிருக்கிறார்கள்.
கோழிக்குத் தீன் வைத்தது ஒன்று.
அக்காவை அடிக்காமல் விட்டது ஒன்று.
அடிக்க நினைக்காததற்கும் ஒன்று.
யூட்டின் புண்ணியங்கள் குவிந்தன.
மழைக்கு உள்ளே கட்டிய ஆட்டுக்குட்டி
ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

வயலில் வரம்பு தெரியவில்லை.
ஒரு மாதப் பயிர்,
எட்டு நாளாய்த் தண்ணீருக்குக் கீழே.
விடிய விடியப் போய்ப் பார்த்து வருவார்.
வந்து கால் கழுவுவார். தேத்தண்ணி குடிப்பார்.
பிறகு குடிலுக்கு முன்னால் குந்தி
கூரை ஒழுக்கில் நிரம்பிய மீன் ரின்களை
தேக்கரண்டியால் இறைப்பார்,
ஒவ்வொரு கரண்டியாக,
வரம்பு உடையாமல்.
நான் குசினிக்குள் போய்விடுவேன்.

கரோல்காரர் லாண்ட்மாஸ்டரில் வந்தார்கள்.
நத்தார் தாத்தாவின் பஞ்சுத் தாடி
நனைந்து நெஞ்சில் தொங்க,
யாரென்று நாய்க்கே தெரிந்துவிட்டது.
வாலை ஆட்டியது.

இந்த முறை பயத்தம் பணியாரம் இல்லை.
சிப்பி மட்டும், அதுவும் அரைக் கிலோ மாவில்.
முதல் தட்டு பக்கத்து வீட்டுத் தேவகிக்கு.
தைப்பொங்கலுக்கு
அவளும் எதையாவது குறைத்துத்தான் தருவாள்.
அவளுடைய வயலும் அந்தப் பக்கம்தான்.

பூசை முடிந்து, முழங்கால் சேற்றோடு வீடு.
றிம்மில் நாலு திரி:
ஒன்று முழுசாய், ஒன்று பாதி,
றோஸ் ஒரு விரற்கட்டை,
படித்து முடித்தது வெறும் மெழுகுக் குட்டை.
எல்லாம் எரிந்தன, குட்டையும் கூட.

பாலனைக் கொண்டுவந்தேன்.
தொட்டியில் வைக்கோல் இல்லை.
யூட் ஆட்டைப் பார்த்தான்.
சோசை ஒன்றும் பேசாமல்
ஒரு ரின்னை எடுத்து நடுவில் வைத்தார்.
ஒரு சாண் உயரத்தில், நெருக்கமாய், பச்சை.
அதன்மேல் கிடத்தினோம்.
பயிர் கொஞ்சம் வளைந்து
பிறகு தாங்கிக்கொண்டது.

துவாயோடு ஒட்டி வந்திருந்தது
அடகுச் சீட்டு.
தை பத்துக்கு முன் மீட்க வேண்டும்.
நாலாய் மடித்து
குடிலின் மூலையில், ஒட்டகத்துக்குக் கீழே வைத்தேன்.

மூன்று ராசாக்கள் வருவது
தை ஆறு.