பதின்மூன்று வயதுக்கு மேல்

அரைநாள் விடுப்புக்குப் பல்வலி என்றேன்.
அண்ணாச்சி வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.
சர்ஜிகல் கடை பில் புத்தகத்தில்
பின்பக்கம் வெற்றாயிருந்த தாளொன்றைக் கிழித்துக்கொண்டு
காளவாசலுக்குப் பஸ் ஏறினேன்.

தேன்மலருக்கு எட்டு வயது, மூன்று மாதம்.
போஸ்டரில் பதின்மூன்று என்று போட்டிருக்கிறது.
வகுப்பில் பாதிப்பேர் பார்த்தாச்சாம்,
மிச்சப் பாதியில் இவள்.
"மொதல்ல நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள்,
கத்திரிக்காய் சொத்தையா பார்த்து வாங்கு என்கிற தோரணையில்.

மதியக் காட்சி. மொத்தம் பதினோரு பேர்.
அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்து
படம் தொடங்குமுன்பே தூங்கிவிட்டார்கள்.
செல்போன் வெளிச்சத்தில் குறித்துக்கொண்டே பார்த்தேன்:

இருபதாவது நிமிடம், கிணற்றுக்குள்ளிருந்து கை. பரவாயில்லை.
கண் இருக்கவேண்டிய இடத்தில் பல் முளைத்த காவல்காரன்.
இவள் சிரிப்பாள்.
ஓநாயைத் தோலுரிப்பது, சத்தம் மட்டும்.
(ஞாயிற்றுக்கிழமை செல்லூர் கறிக்கடையில்
ஈரல் தனியாக வையுங்கள் என்று சொல்பவளே இவள்தான்.)
ரத்தம் மூன்று இடம்.
கறுப்பு ரத்தம், கணக்கில் சேர்க்கவில்லை.

என் மகள் பயந்தவள் இல்லை.
கோயிலில் காளி மேல் வெண்ணெய் உருண்டை எறிந்து
மூக்கிலேயே பட்டிருச்சு என்று குதித்தவள்.
தினமும் பள்ளிக்கூட வேனில்
தத்தனேரிப் புகையைத் தாண்டும்போது
ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போகிறவள்.
அந்தப் புகையில் ஒருநாள் புகை
அவள் அப்பா.

இடைவேளையில் பாப்கார்ன் விலையைக் கேட்டுவிட்டுத்
தண்ணீர் குடித்து வந்தேன்.

படத்தில் அந்தச் சின்னப்பெண்
பூமிக்கடியில் உப்பு வெட்டுகிறவர்களின் வரிசையில்
தன் அப்பாவைக் கண்டுபிடிக்கிறாள்.
கூட்டிப்போக விலை கேட்கிறான் காவல்காரன்.
காசு இல்லை. பெயரைக் கொடுக்கிறாள்.

பிறகு படிக்கட்டு.
அவள் முன்னால், அவர் பின்னால்.
இசை இல்லை, வசனம் இல்லை.
செருப்புச் சத்தம் மட்டும்.
இடதுகால் கொஞ்சம் இழுத்து வைக்கிற செருப்புச் சத்தம்.

இங்கே பேனா நின்றுவிட்டது.

மேலே கதவு.
அவர் அவளைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டால் திறக்கும்.
வாயைத் திறக்கிறார்.
திறந்தபடியே நிற்கிறார்.

பல் இருக்கட்டும், ஓநாய் இருக்கட்டும்,
கிணற்றுக் கையெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.
வந்துவிடுவார் போலிருக்கிற
அந்த நான்கு நிமிடத்துக்கு
என்ன வயது போடுவது?
எனக்கு முப்பத்தாறு.
எனக்கே இன்னும் ஆகவில்லை.

பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
வைகையில் இரண்டு எருமை, கொஞ்சம் தண்ணீர்.
சொல்லவேண்டியதை
சிம்மக்கல்லிலிருந்து செல்லூர் வரை ஒத்திகை பார்த்தேன்.

"எப்பிடிம்மா?"
"ஒரே இருட்டு. ஒண்ணும் வெளங்கல."
"கடைசில அவ அப்பா வரமாட்டாராம்ல. ஜெனிஃபா சொல்லிட்டா."
பையைத் துழாவி பில்லை எடுத்து
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"பாதியிலயே நிறுத்திட்ட."
"பேனா எழுதல."
தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். எழுதியது.

கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு தாளை நான்காய் மடித்து என் கையில் திணித்தாள்.
"நா ஜெனிஃபா வீட்டோட போய்க்கிறேன்.
நீ வராத.
ரெண்டாந்தரம் பாத்தா ஒனக்குத் தூக்கம் வராது."

குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருந்தேன்.
குளியலறையில் விளக்கு எரிந்தது, கதவு சாத்தியிருந்தது.
சும்மாதான்,
ஒரு காரணமும் இல்லை,
"தேன்மலர்" என்றேன்.

கதவைத் திறந்து
"ம்?" என்றாள்,
வாய் நிறையப் பற்பசை நுரையோடு.