மில்லிகிராம்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில்
எடை பார்க்கும்போது மின்விசிறியை நிறுத்துவோம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு.
மூச்சு பட்டாலும் கடைசி எண் நடுங்கும்.
அரை கிராம் குறைந்தால்
வியாபாரி என் கூலியில் கை வைப்பார்.
தரையைக் கூட்டிய தூசியைக்கூட
டப்பாவில் சேர்த்து உருக்கக் கொடுக்கிறவன் நான்.

அப்படிப்பட்டவன்
பையன் பதினொரு கிலோ கூடியதைப்
பார்க்கவில்லை.

இல்லை, பார்த்தேன்.
கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தேன்.
சட்டைப் பொத்தான் தெறித்தபோது
துணிக்கடைக்காரனைத் திட்டினேன்.
கண் பட்டுவிடும் என்று
வெள்ளிக்கிழமைதோறும் மிளகாய் சுற்றிப் போட்டாள் மேனகா.
பத்தரை மணிக்கு வீடு திரும்புகிற அப்பன்
கையை வீசிக்கொண்டா வருவான்?
ஒருநாள் பப்ஸ், ஒருநாள் பரோட்டா,
குற்ற உணர்ச்சிக்கு ஒரு பார்சல் கட்டி
அவனை எழுப்பி ஊட்டினேன்.

பள்ளியில் மருத்துவ முகாம்.
லோகித், நான்காம் வகுப்பு, நாற்பத்தாறு.
நர்ஸ் அவனை விளையாட அனுப்பிவிட்டுக்
கதவைச் சாத்தினார்.
"புள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க.
வாங்கிட்டு வர்றது யாரு?
எத்தன மணிக்குச் சாப்புடுறீங்க?"
முள் மெல்ல என் பக்கம் சாய்ந்தது.

சொல்லாதே என்றதைத்தான் முதலில் சொன்னேன்.
"இனிமே உனக்கு ரெண்டு இட்லிதான்."
சொன்ன வாயில் மூன்றாவது பரோட்டா.
பிஸ்கட் டப்பாவை பீரோவில் வைத்து
வெள்ளிக்குப் போடுகிற பூட்டைப் போட்டேன்.

நாலாம் நாள்
குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
தண்ணீர்ச் சத்தத்துக்குள்
கவர் நொறுங்கும் சத்தம்.
காதுக்குப் பழக்கம், சின்னச் சத்தங்கள் தப்பாது.
கதவைத் தட்டவில்லை.
அன்றிரவு புத்தகப் பையைக் கவிழ்த்தேன்:
சிப்ஸ் உறைகள், எட்டாக மடித்து, ஒன்பது.
பிரித்துப் பார்த்தால் உள்பக்கம்
வெள்ளி மாதிரியே மின்னுகிறது.
எடையே இல்லை.

பீரோவைத் திறந்துவிட்டேன்.
டப்பா காலியான பிறகு வாங்கவில்லை.
அவனுக்கு மட்டும் இல்லை, யாருக்கும்.
ஏழரைக்குப் பட்டறையைச் சாத்தினேன்,
வியாபாரி முகம் சுளித்தார்.
எட்டு மணிக்கு மூன்று தட்டு, ஒரே கீரை,
போன்கள் ஃபிரிட்ஜுக்கு மேலே.
முதல் இரண்டு நாள்
என்ன பேசுவதென்றே தெரியவில்லை.
பல்லி கத்தியதற்குக்கூட நன்றி சொல்லலாம் போலிருந்தது.
மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"கிளாஸ்ல என்ன 'அண்டா'னு கூப்புடுறாங்க."
மேனகா கரண்டியைக் கீழே வைத்தாள்.
எத்தனை மாதமாக இதைச் சொல்ல
இடம் தேடினானோ.

ஷேர் ஆட்டோவை நிறுத்தினோம்.
மார்க்கெட் ஸ்டேஷன் வழியே நடை.
எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.
சரக்கு ரயில் பெட்டிகளை அவன் எண்ணுவான்,
நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
ஞாயிறு மூக்கனேரிக் கரை.
ஒருநாள் மழை, போகவில்லை.
ஒருநாள் மழை இல்லை, அன்றும் போகவில்லை.
ஒரு தீபாவளி முழுசாக எங்களைத் தோற்கடித்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி முகாம்.
எண்ணைச் சொல்லமாட்டேன்.
அது அவனுடையது.
சேவற்கொடி மாதிரி கையை ஆட்டிக்கொண்டு
மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறான்,
அது போதும்.

நேற்று சனிக்கிழமை,
தட்டுவடை செட்டுக்கு அனுமதி உள்ள நாள்.
தள்ளுவண்டி முன்னால் மூவரும் நின்றோம்.
கேரட்டும் பீட்ரூட்டும் துருவி,
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
கடித்தால் தெருவுக்கே கேட்கும்.
ஆளுக்கு ஒரு செட்.
இரண்டாவதற்குக் கை நீட்டியது
நான்தான்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு
நடக்க ஆரம்பித்தான்.