மற்றைய ஆட்கள்

வெல்லாவெளியில் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை.
ஆனாலும் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன்.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழில், பிலடெல்பியாக் கோடையில்,
அவர்களும் இப்படித்தான் சாத்திவைத்துப் பேசினார்கள்
என்றதும்
கிருசாந்த் எழுந்துபோய்க் கொக்கியை மாட்டினான்.
நெல் அவிக்கிற வாசம் வெளியே நின்றுவிட்டது.

துண்டுக் காகிதம் குலுக்கினோம்.
வடக்குக்குப் பதினொரு பேர், தெற்குக்குப் பத்து.
"மற்றைய ஆட்கள்" என்று வந்த ஐந்து பேரை
விறாந்தையில் நிற்கச் சொன்னேன்.
சட்டத்தில் அவர்களுக்கு அந்தப் பெயர்தான்.
அடிமை என்று எழுதக் கூசினார்கள்;
வைத்திருக்கக் கூசவில்லை.

டிலுக்சன் மேசையில் தட்டினான்:
"எங்கட ஆக்கள் ஐஞ்சு பேரையும் எண்ணுங்க."
"வாக்குப் போட விடுவீங்களா?"
"விடமாட்டம்."
"மறுகா என்னத்துக்கு எண்ணுற?"
"எங்களுக்குக் கதிரை கூட வேணும்."
வகுப்பே சிரித்தது.
சிரித்தபடியே
இருபது நிமிடத்தில் ஒரு தேசத்தைச் செய்து முடித்தார்கள்.
ஐந்து பேர் மூன்று பேர் ஆனார்கள்.
கைதட்டினோம். நானும்தான்.

கதவைத் திறந்தேன்.
லோஜிதா தூணோடு சாய்ந்து நின்றாள்.
"என்ன முடிவு ரீச்சர்?"
சொன்னேன்.
மற்ற நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தாள்,
கழிபட்ட இரண்டு பேர் யாரென்று தேடுகிறவள் போல.
பிறகு விரலால் காற்றில் எதையோ வகுத்தாள்.
"கச்சான் பிடுங்க ஆம்பிளைக்கு ரெண்டாயிரத்து ஐநூறு.
அம்மாக்கு ஆயிரத்து ஐநூறு.
அதே கணக்கு."

அது வேறு, இது வேறு பிள்ளை.
உன் அம்மாவை யாரும் விற்க முடியாது.
"தெரியும் ரீச்சர்.
நான் கணக்கைத்தான் சொன்னன்."

தவணைப் பரீட்சையில் பத்தாம் வினா.
வடக்கும் தெற்கும் உடன்பட்ட முறையைப் பெயரிட்டு விளக்குக.
ஐந்து புள்ளி.
வலயத்திலிருந்து வந்த புள்ளித்திட்டத்தில்
விட்டுக்கொடுப்பு என்று இருக்கிறது.
லோஜிதா எழுதியிருக்கிறாள்:

"விட்டுக்கொடுப்பது என்றால்
தன்னுடையதில் கொஞ்சம் விட வேண்டும்.
இவர்கள் விட்டது தங்களுடையதை அல்ல,
வெளியே நின்ற ஆட்களை.
ஆகவே இது காட்டிக்கொடுப்பு."

படுவான்கரையில் அந்தச் சொல்லை
யாரும் சும்மா எழுதுவதில்லை.
முகமூடிக்குள்ளிருந்து ஒரு தலை ஆடினால்
என்ன நடக்கும் என்று
நான் வரிசையில் நின்று பார்த்தவள்.
அவள் பிறந்தது எல்லாம் முடிந்த பிறகு.
அகராதியில் எடுத்திருப்பாள்.
அல்லது வீட்டில்.

சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினேன்.
முழுதும் போட்டால் வலயத்தில் கேட்பார்கள்.
ஒன்றும் போடாவிட்டால்
அன்று ஜன்னலைச் சாத்தியது எதற்கு?
நடுவில் ஏதாவது, இரண்டு பக்கமும் நோகாமல்,
என்று நினைக்குமுன்னே கை போய்
ஐந்துக்கு மேலே மூன்று எழுதிவிட்டது.

வெட்டினேன்.
அழுத்தி வெட்டியதில் மை ஊறி
தாளின் மறுபக்கத்தில் தெரிகிறது,
அவள் இன்னும் விடை எழுதாமல் விட்ட
பதினோராம் வினாவின் மேல்.